கரண்ட் கீதா, பாய்?

எலக்ட்ரீஷியன் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் கையாளுகிற சரக்கை எந்த வாடிக்கையாளரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு அவஸ்தையும் உண்டு: நாமும் பார்த்ததில்லை.

சுவிட்சைப் போட்டுவிட்டு எரியாத டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்து நின்றவர்கள், ஃபியூஸ் போன வீட்டில் நாற்காலி மேல் ஏறி நின்று வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கினவர்கள், "தோ வந்துட்டேன்" என்று போனில் சொன்ன எலக்ட்ரீஷியனுக்காக மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், எல்லோரும் நம்ம ஜாதிதான். அந்த மூன்று நாள் உங்களைக் காக்க வைத்தவன் நானாகவும் இருக்கலாம். மன்னித்துவிடுங்கள்.

உத்திரமேரூர் பஜாரில் எனக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை. கடைக்கு வருவதற்கு முன்னால் காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பி.எஸ்.சி. இயற்பியல் படித்தேன். கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு இரண்டு முனைக்கும் வோல்டேஜ் கொடுப்பார்கள். உள்ளே ஊதாவாக ஒரு வெளிச்சம் கிளம்பும். அதைப் பார்த்து மயங்கினவன் நான். எலக்ட்ரான் என்கிற பொடிசு வாயுவுக்குள் எப்படி ஓடுகிறது, யார் மேல் இடிக்கிறது, எங்கே திணறுகிறது என்று பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. அத்தா, அதாவது அப்பா, நடத்தின கடை கிடைத்தது.

என் கூட்டாளி பெயர் இருதயம். காவாந்தண்டலத்துக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவரும் பத்தொன்பது வயதுவரை நாற்றுக்கட்டு சுமந்தவர். இனி அடுத்தவன் சேற்றில் இறங்குவதில்லை என்று முடிவு பண்ணி ஒயரிங் கற்றுக்கொண்டார். எட்டு வருசம் ஒன்றாக வேலை பார்த்தோம். அதற்கப்புறம் ஏழு மாதம் அவர் என்னோடு வரவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். அவர் திரும்பி வருவாரா, மாட்டாரா என்பதைத் தவிர அந்த ஏழு மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கீழே இருப்பதெல்லாம் அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் நடந்தவை.

விளக்குமாற்று வைத்தியம்

சாலவாக்கத்தில் ஒரு வீடு. பகலிலேயே இருட்டிக் கிடக்கிற சமையல் கட்டு. அங்கே ஒரு பழைய டியூப்லைட், மற்ற எல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டாலும் இதை மட்டும் அந்த அம்மா கழற்றவிடவில்லை. சுற்றிலும் பம்ப்செட் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். லைட்டு இரண்டு ஓரமும் சிவந்து, கண்ணடித்து, கண்ணடித்து, எரியாமல் உயிரை வாங்கும்.

முகூர்த்த நாளில் நம்ம பஸ் ஸ்டாண்டில் ஓட முடியுமா? இரண்டு எட்டு வைப்பதற்குள் ஒருத்தர் மேல் இடிப்போம். கூட்டம் இல்லாத நேரத்தில் ஓடினால் வேகம் பிடிக்கும். அந்த வேகத்தில் ஒருத்தர் மேல் மோதினால் அவர் கையில் இருக்கிற பை தெறித்து விழும். டியூப்புக்குள் வாயுவைக் குறைவாக வைத்திருப்பது அதற்குத்தான். எலக்ட்ரான் வேகம் பிடித்து ஒரு அணு மேல் மோதும், அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரான் தெறிக்கும், இரண்டும் ஓடிப்போய் நாலாகும், அப்புறம் கணக்கே கிடையாது. ஆனால் பின்னாலிருந்து தள்ளுகிற வோல்டேஜ் போதாவிட்டால் முதல் ஆளே வேகம் எடுக்க மாட்டான்.

இதை எல்லாம் நான் அந்த அம்மாவிடம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து, டியூப்பின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினார். லைட்டு பளிச்சென்று எரிந்தது. ஹோல்டரில் ஏதோ லூஸ் காண்டாக்ட் என்று நான் முனகினேன். அந்த அம்மா சொன்னார்: "இது எங்க வூட்டுக்காரரு மாரி பாய். நல்லதனமா சொன்னா எந்திரிக்காது, ரெண்டு தட்டணும்."

சத்தம் வேணும்

கொசு பேட் ஒன்று வாங்கிப்போன டீக்கடைக்காரர் மறுநாள் காலையிலேயே திரும்பக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தார். "இது வேலைக்காவாது." சோதித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அந்த வலையில் இரண்டு கம்பிக்கு நடுவே இருக்கிற காற்றுச் சந்தில் எலக்ட்ரானால் சும்மா தாண்டிவிட முடியாது. கொசு நடுவில் வந்தால் சந்து சுருங்கிவிடும், அப்போது தாண்டும். அதுதான் அந்தப் பட்டாசுச் சத்தம். பொடிக் கொசுவாக இருந்தால் சத்தம் வராமலேயே செத்துப்போகும். காலையில் கடைத் தரையைப் பெருக்கும்போது செத்த கொசு கிடந்ததா என்று கேட்டேன். கிடந்ததாம், ஒரு கை அள்ளுகிற அளவுக்கு.

"அப்புறம் இன்னா குறை?" என்றேன். மனுசன் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "செத்தா மட்டும் போதுமா பாய்? செத்துச்சுனு எனுக்குத் தெரியணும்ல."

மெல்லமா அணைக்கிறவர்

மாவு மில் வைத்திருக்கிற ஒருவர் வருசத்துக்கு மூன்று முறை மெயின் சுவிட்சை மாற்றுவார். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவர் எப்படித்தான் அணைக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். கைப்பிடியைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அவ்வளவு மெல்லமாக இறக்கினார். உள்ளே நீலமாக, நீளமாக ஒரு நெருப்பு இழுத்துக்கொண்டே வந்தது.

சுவிட்ச் பிரிகிற நேரத்தில் நடுவில் கொஞ்சூண்டு காற்றுதான் இருக்கும். ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் அந்தக் காற்றையே பாதையாக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். மெல்லமாகப் பிரித்தால் பாதை அறுபடாது, செம்பே உருகும். படக்கென்று இறக்கினால் சந்து சட்டென்று பெரிதாகி நெருப்பு செத்துவிடும். "படக்குனு இறக்குங்கண்ணா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "படக்குனு எறக்குனா அதுக்குக் கோவம் வராதா பாய்?"

நடுவில் நான்

டெஸ்டர் எல்லார் வீட்டிலும் இருக்கும். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர், உள்ளே கடுகு சைஸில் ஒரு நியான் விளக்கு. முனையை ஒயரில் வைத்து, தலையில் விரலை வைத்தால் கரண்ட் இருந்தால் எரியும். அந்த விளக்கு எரிய வேண்டுமானால் கரண்ட் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே, எங்கே போகிறது? நம் விரல் வழியாக ஏறி, உடம்பு வழியாக இறங்கி, கால் வழியாகத் தரைக்குப் போகிறது. துளியூண்டுதான். உள்ளே பெரிய மின்தடை ஒன்று காவலுக்கு நிற்கிறது, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

எனக்கும் இருதயத்துக்கும் ஒரு பழக்கம் இருந்தது. டெஸ்டர் எப்போதும் என் கையில். படித்தவன் நான் என்கிற மரியாதையோ என்னவோ, அவர் அதைத் தொடவே மாட்டார். எந்த ஒயரில் கை வைப்பதற்கு முன்னும் "கரண்ட் கீதா பாய்?" என்பார். நான் வைத்துப் பார்த்துவிட்டு "கீது" அல்லது "இல்ல" என்பேன். "இல்ல" என்று சொன்ன நொடியில் அவர் கை ஒயரில் இருக்கும். என் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். எட்டு வருசத்தில் எத்தனை ஆயிரம் "இல்ல" சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு புதுமனைப் புகுவிழா வீட்டில், டெஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். சொன்னேன். கையில் வைத்திருந்த காபி டம்ளரை அப்படியே ஜன்னல் மேல் வைத்துவிட்டு, தன் வீட்டு ஒயரிங் முழுவதையும் ஒரு சுற்று பார்த்தார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இத்தினி நாளா நீதான் ஒயரா பாய்?"

ஒரு வார்த்தை

சாலவாக்கம் பக்கம் ஒரு பம்ப்செட். ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல், முட்டிவரைக்கும் சேறு. மோட்டாரை ஓட்டுகிற ஸ்டார்ட்டர் பெட்டி வெட்டவெளியில் ஒரு கல்தூணில் மாட்டியிருந்தது. உச்சி வெயில். மூன்று ஃபேஸுக்கும் உள்ள மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி வரப்பு மேல் வைத்தாகிவிட்டது. சேற்றில் நிற்கப் பிடிக்காமல் நான் ஒரு காய்ந்த பலகையைப் போட்டு, ரப்பர் செருப்போடு அதன் மேல் ஏறி நின்றேன். இருதயம் வெறுங்காலோடு சேற்றில் நின்றார். இந்த மாதிரி இடத்தில் டெஸ்டரை நம்பக் கூடாது, பல்பும் இரண்டு ஒயரும் கட்டின டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். அது இருந்தது, ரோட்டில் நிறுத்தின வண்டியின் பையில். யார் திரும்ப அவ்வளவு தூரம் நடப்பது?

"கரண்ட் கீதா பாய்?" என்றார். டெஸ்டரை வைத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எரியவில்லை. "இல்ல" என்றேன்.

போன கோடையில் ஒரு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று நிலத்துக்காரர் ஃபியூஸ் போர்டுக்குப் பின்னாலேயே ஒரு செம்புக் கம்பியைக் கட்டி அந்த ஒரு ஃபேஸை நேராக இணைத்திருக்கிறார். கட்டையைப் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன, அதில் கரண்ட் இருக்கும். இருதயம் வலது கையால் பிடித்தார், கை ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. கத்த முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கீழே குதித்து, அந்தப் பலகையைத் தூக்கி, அவர் முழங்கையில் ஓங்கி அடித்தேன். எத்தனை அடி என்று நினைவில்லை. அவர் மல்லாக்கச் சேற்றில் விழுந்தார். மார்பில் காதை வைத்துப் பார்த்தேன், எனக்கு என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. யா அல்லா, யா அல்லா என்று அழுதுகொண்டே அவரை உலுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். வெந்துபோன உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்: "இல்லனு தான பாய் சொன்ன?"

ஷட்டருக்குள்ளே

ஆஸ்பத்திரி, கட்டு, மருந்து என்று முதல் மாதம் ஓடியது. கூடவே இருந்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசாக மடங்காது என்றார்கள். அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, கடை ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டேன். ஒரு காய்ந்த பலகையைத் தரையில் போட்டேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஏறி நின்று, அதே டெஸ்டரைப் பிளக் பாயின்ட்டில் வைத்தேன்.

எரிந்தது. ஊதுபத்தி முனை மாதிரி, மங்கலாக, ஆரஞ்சாக, ஆனால் எரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று வைத்தேன்; பிரகாசமாக எரிந்தது. மறுபடி பலகை, மறுபடி தரை. ஏழெட்டு தடவை மாறி மாறி வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற நியானுக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கிளப்பிவிட்டுக்கொண்டுதான் இருந்தன. நான் பலகை மேல் நின்றதால் அவை போய்ச் சேர வழி குறுகிவிட்டது, அதனால் வெளிச்சம் மங்கியது. மீதி இருந்ததை வெயில் மறைத்தது. டெஸ்டர் அன்றைக்குப் பொய் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்பதை, இல்லை என்று சொல்லிவிட்டேன். பரீட்சையில் இதே கேள்வி வந்திருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன் என்று நினைத்ததும் எனக்கு என் மேலேயே வாந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது. இருட்டில் ஒயர் சுருள் மேல் உட்கார்ந்து அழுதேன்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். பாதி தூக்கினேன். ஃபேன் ரெகுலேட்டர் வாங்க வந்த ஆள் குனிந்து, என் முகத்தையும் உள்ளே இருட்டையும் பார்த்துவிட்டு எரிச்சலோடு சொன்னார்: "கடை தொறந்து கீதா, மூடி கீதா? ஒரே பக்கமா சொல்லு பாய்."

கூப்பிடாதே

கை ஆறினதும் இருதயம் வேலைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. நடவுக் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். எந்தச் சேற்றை விட்டு ஏறி வந்தாரோ அதே சேறு. மனசு ஆறாமல் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு காவாந்தண்டலம் போனேன். அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி செல்வி நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்தார். வீட்டுக்குள் மிக்சி பிளக் போர்டு ஒன்று ஆடிக்கொண்டு தொங்கியது. ஊரெல்லாம் ஒயரிங் செய்கிறவர் வீட்டில்.

"அதை அவரு தொட மாட்டேன்றாரு அண்ணா," என்றார் செல்வி. "நான் சுச்சு போட்டாகூட எந்திரிச்சு வெளிய போய்டுறாரு." நான் மாட்டிக் கொடுக்கிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "உம்மேல அவருக்குக் கோவம் இல்லணா, கோவம்னா ரெண்டு நாள்ல போய்டும். பயந்துக்கினு கீறாரு. அது வெளிய சொல்ல வெக்கமாக் கீது." அவர் வந்தால் நான் என்ன பேச வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். செல்வி பழப் பையைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீ கூப்டா உன் மூஞ்சிக்காவ வந்துடுவாரு. அதனால நீ கூப்புடாத அண்ணா."

கம்பி கத்துது

கூப்பிடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து மாதம் தனியாக வேலை பார்த்தேன். அப்புறம் ஒரு தூறல் நாளில் ஒரு நிலத்துக்காரர் போன் பண்ணினார். அவர் வயலுக்கு மேலே ஹை டென்ஷன் லைன் போகிறது. காலையிலிருந்து கம்பி கர்ர்ரென்று கத்துகிறதாம். நடவுக்கு வந்த பொம்பிளைகள் எல்லாம் வரப்பில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறார்களாம். "நாத்து வாடிக்கினு கீது பாய். படிச்ச ஆளு நீ, வந்து ஒண்ணும் இல்லனு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

போனேன். வரப்பில் நின்ற கூட்டத்தில் நாற்றுக்கட்டோடு இருதயமும் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கம்பியை அண்ணாந்து பார்த்தேன். அந்தச் சத்தம் எதனால் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். கம்பியில் தொங்குகிற மழைத்துளி கூர்மையாக நிற்கும். அந்தக் கூர்முனையில் மின்சாரத்தின் தள்ளல் அதிகம். அதை ஒட்டிய காற்றிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கொஞ்ச தூரம் ஓடி அடங்கிவிடும். அதுதான் கத்துகிறது. விளக்கிச் சொன்னேன். நடவு ஆட்களுக்கு மேஸ்திரியான அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் பாய். எங்க உசுருக்கு ஆபத்து கீதா, இல்லியா?"

"இல்ல" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. படித்த படிப்பு முழுக்க அந்த வார்த்தையைத்தான் பின்னாலிருந்து தள்ளியது. ஆனால் அந்தக் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கம்பத்தில் அதைத் தாங்குகிற பீங்கான் விரிசல் விட்டிருக்கிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. கீழே நின்று பார்த்ததுதான். "எனுக்குத் தெரியலமா," என்றேன். "லைன்மேன் வந்து பாத்துச் சொல்றவரைக்கும் எறங்காதீங்க." நிலத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். லைன்மேன் வந்து சேர வெகு நேரம் ஆனது. கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார், இந்த லைன் தூறல் விழுந்தால் எப்போதும் இப்படித்தான் கத்தும், உயரம் சரியாக இருக்கிறது, நடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொல்வதற்கா உன்னைக் கூப்பிட்டேன் என்று நிலத்துக்காரர் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். எல்லாரும் வயலில் இறங்கினார்கள். இருதயம் கடைசியாக என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, நாற்றுக்கட்டைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கும் இத்த சொல்லியிருக்கலாம் இல்ல பாய்."

கை

நடவு வேலை ஓய்ந்த பிறகு ஒருநாள் காலையில் கடை திறக்கும்போது இருதயம் வாசலில் நின்றார். நாஷ்டா ஆச்சா என்று கேட்டேன், ஆச்சு என்றார். இன்றைக்கு எங்கே வேலை என்று கேட்டார். சாலவாக்கத்தில் பம்ப்செட் என்று சொல்லிவிட்டேன். வேறு ஏதாவது வேலைக்குப் போகலாம் என்றேன். அவர் பையை எடுத்தார். உள்ளே துழாவி டெஸ்ட் லாம்ப் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைத் தன் கையாலேயே உருவித் தன் பையில் செருகிக்கொண்டார். "இனிமே இது என்னாண்ட இருக்கும்," என்றார்.

அங்கேயும் வெயில், அங்கேயும் சேறு. ஸ்டார்ட்டர் பெட்டி வேறு, நிலத்துக்காரர் வேறு. இருதயம் போர்டுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார். ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்குவதற்கு முன்பே டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று சரிபார்த்தார். வலது கையின் மடங்காத இரண்டு விரலோடு இடது கையையும் சேர்த்துக் குவித்து, அந்தக் குட்டி விளக்குக்கு ஒரு நிழல் கூடாரம் கட்டினார். அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். கட்டைகளைப் பிடுங்கினார். மறுபடி பார்த்தார். டெஸ்ட் லாம்ப்பை மூன்று முனையிலும் மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு முனையையும் இரண்டு தடவை பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் முடித்துவிட்டு நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்தார்.

"கரண்ட் கீதா இருதயம்?" என்று கேட்டேன். எட்டு வருசத்தில் முதல் முறையாக நான் கேட்டேன்.

"இல்ல," என்றார்.

முனையைக் கழற்ற வேண்டியது இப்போது நான். அவர் செய்த சோதனை ஒவ்வொன்றையும் பக்கத்திலேயே நின்று பார்த்தவன். ஒரு குறை சொல்ல முடியாது. கையை நீட்டினேன். அரை அடி தூரத்தில் கை தானாக நின்றுவிட்டது. மோட்டார் கொட்டகை மேல் ஒரு காக்கா கத்திக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை பார்த்துவிடு என்று சொல்லலாமா என்று நினைத்தேன். இந்த அரை அடியை அவர் எட்டு வருசம் என் ஒரு சொல்லுக்காகத் திரும்பிப் பார்க்காமல் தாண்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கண் கலங்கிவிட்டது.

இருதயம் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழு மாதத்துக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார்.

"இன்னா பாய், கைய வைக்க மாட்டேன்ற? நான் வச்சேனே."

வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. வாயுவுக்குள் எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக ஓடும் என்று தாள் தாளாக எழுதித் தேறினவனுக்கு, அந்த அரை அடிக் காற்றைத் தன் கை தாண்டத்தான் அன்றைக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.